நர்ஸம்மாவுக்கு எத்தன மாசமுங்க?

நான் திட்டுவதற்காகச் சம்பளம் வாங்கியவள். அரசாங்க உத்தரவில் அப்படி இல்லை. கிராம சுகாதார செவிலியர் என்றுதான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் சென்னிமலைக்குப் பக்கத்தில் நான்கு ஊர்கள் என் பொறுப்பில் இருந்தன. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, மூன்று மாதத்துக்குள் பதிவேட்டில் பெயரை ஏற்றி, செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டரம்மாவிடம் அனுப்பி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வந்தவர்களைப் பாராட்டுவேன். மற்றவர்களைத் திட்டுவேன். மற்றவர்களே அதிகம் என்பதால் திட்டுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்ட வேண்டும். "உங்களுக்கு அறிவு இருக்குங்களா?" என்று ஆரம்பிப்பேன். "வயித்துல இருக்கறது உங்களுக்கு மட்டும் சொந்தமுங்களா?" என்று முடிப்பேன். நடுவில் சொல்ல வேண்டியதை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வேன். இதைச் சொல்லிவிட்டு அவர்கள் கொடுக்கிற மோரையும் குடித்துவிட்டுத்தான் வருவேன்.

பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்கு 'தாமதத்துக்கான காரணம்' என்று தலைப்பு. விரலகலம் இடம் விட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அதில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது எழுதிப் பார்த்தேன். பொங்கல் நோம்பி முடியட்டும் என்றார் ஒருவர். செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு முதல் அடி எடுத்து வைக்க மாட்டோம் என்றார் இன்னொருவர். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாதாம். எல்லாவற்றையும் அந்த விரலகல இடத்துக்குள் நுழைக்க முடியவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பக்கத்தின் முதல் வரியில் 'அறியாமை' என்று எழுதிவிட்டு, கீழே வரிசையாக இரண்டிரண்டு சின்னக் கோடுகள் போட ஆரம்பித்தேன். மேற்படி என்று அர்த்தம். மேலதிகாரி பார்த்துவிட்டு என் பதிவேடு சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார்.

இப்படிப்பட்ட எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டானபோது, நாள் தள்ளிப்போன இரண்டாவது வாரமே என் பெயரை நானே எழுதினேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டேன். ஊர் ஊராகப் போய் "என்னைப் பாருங்க, நான் பதிஞ்சுட்டேனுங்க" என்று காட்டினேன். ஊசியைக் கையில் குத்தும்போது நான்கு பெண்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். உடுமலைப்பேட்டையில் இருந்த என் மாமியார் ஒரு மூட்டை இளநீரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்த நான்கு ஊரிலும் சட்டப்படி கர்ப்பமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.

ஏழாவது மாதத்தில் அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. காரணம் தெரியவில்லை என்றார்கள். என்னிடம் எந்தத் தவறும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. தவறு இருந்திருந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் இல்லையா? விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினால் பதிவேட்டில் என் வரி பாதியில் நின்றது. அதை முடிக்க வேண்டியவளும் நான்தான். முடிவு என்ற கட்டத்தில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, அந்தச் சிவப்பு அடிக்கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் நாள் தள்ளிப்போனது. பதிவேடு மேஜை மேல் இருந்தது. பேனா கையில் இருந்தது. எழுதவில்லை.

எனக்குள் இருந்த எண்ணத்தை இப்போது வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன முறை எழுதினேன், போய்விட்டது. இந்த முறை எழுதாவிட்டால் போகாது. நர்சிங் படித்து, உடற்கூறு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் கண்டுபிடித்த மருத்துவம் இது. செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதற்காக அரை மணி நேரம் பிரசங்கம் செய்தவளும் இவள்தான்.

அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். நோம்பி முடியட்டும் என்று நினைத்தேன். மசக்கை தெளியட்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண்கள் என்னிடம் சொன்ன சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அத்தனையும் எனக்குச் சரியாகப் பொருந்தின. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என் பையிலேயே இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கையில் அதைச் சுற்றினேன், என் கையில் ஒரு நாளும் சுற்றவில்லை. நான்காவது மாதத்திலிருந்து தோளில் தொங்கிய பையை முன்பக்கம் இழுத்து வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முகம் ஏன் ஊதியிருக்கிறது என்று கேட்டவர்களிடம் கேஸ் டிரபிள் என்றேன்.

என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது, "டாக்டருகிட்டப் போலாமா கண்ணு?" என்பார். "அடுத்த வாரம் போலாமுங்க" என்பேன். ஐந்தாவது மாதம் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், யாருக்கும் என்னைத் தெரியாத ஊரில் காட்டிக்கொள்கிறேன் என்று நானே கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அன்று அவருக்குப் பகல் ஷிப்ட். காந்திபுரத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லேடி டாக்டரின் கிளினிக்கைக் கண்டுபிடித்து, டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சுவரில் ஒரு போஸ்டர். சிரிக்கிற கர்ப்பிணி, கீழே மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யுங்கள் என்ற வாசகம். என் ஊர்களில் கோந்து தடவி நான் ஒட்டுகிற அதே போஸ்டர். இங்கே கோணலாக ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்.

"எத்தனாவது மாசமுங்க?"

"அஞ்சுங்க. இப்பத்தானுங்க மொதல் தடவ வாரேன்."

"அஞ்சு மாசம் வரைக்கும் என்னங்க பண்ணுனீங்க? அறிவு இருக்குங்களா?"

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய், "தப்புத்தானுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன மாசமுங்க?" என்று கேட்டாள்.

"நான் துணைக்கு வந்தேனுங்க" என்றேன்.

யாருக்குத் துணை என்று அவள் கேட்பதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன். டோக்கன் கையிலேயே இருந்தது. கடைவீதியில் கொஞ்ச நேரம் நடந்தேன். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று குக்கருக்கு ஒரு கேஸ்கெட் வாங்கினேன். சாயங்காலம் பட்டறை வாசலில் அவர் ஆவலாக வந்து, "டாக்டரு என்ன சொன்னாங்க?" என்றார். "எல்லாம் நல்லா இருக்குதாமுங்க" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் என் பதிவேட்டில் ஒரு தறிக்காரப் பெண் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தார். வீட்டின் முன்னறையில் குழித்தறி; அவரும் அவர் கணவரும் மாறி மாறி உட்கார்ந்து பெட்ஷீட் நெய்வார்கள். இரண்டு பெண் குழந்தைகள், மூன்றாவது வயிற்றில், ஐந்தாவது மாதம். நான் மூன்று முறை போய்த் திட்டியும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. போனால் மோர் கொடுப்பார், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார், வரமாட்டார். அவர் பெயரை எழுதி, புதுப் பக்கம் என்பதால், காரணத்தில் 'அறியாமை' என்று முழுதாகவே எழுதி வைத்தேன்.

எனக்கு ஆறாவது மாதம் முடியும் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து படுத்தேன். வயிற்றில் அசைவு இல்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். காலையில் எழுந்து வெல்லம் கரைத்த தண்ணீர் குடித்தேன், இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. போன முறையும் இப்படித்தான் ஒரு காலையில் ஆரம்பித்தது.

என் பையில் ஒரு குழல் இருந்தது. அலுமினியத்தில் புனல் மாதிரி இருக்கும். அகன்ற பக்கத்தைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும். அதை வைத்து எத்தனையோ வயிறுகளைக் கேட்டிருக்கிறேன். அன்று காலை கட்டிலில் உட்கார்ந்து வளைந்து நெளிந்து பார்த்தேன். தன் வயிற்றில் தானே காதை வைக்கக் கடவுள் நமக்கு வழி வைக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு படிப்பும் ஆறு வருட அனுபவமும் தேவைப்பட்டன.

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கலாம். போகவில்லை. போனால் இல்லை என்று சொல்லிவிடுவார். போகாத வரைக்கும் இருக்கிறது. அதனால் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். முதல் வீடு அந்தத் தறிக்காரப் பெண்ணின் வீடு.

வாசலிலேயே ஆரம்பித்தேன். "நாளைக்குச் செவ்வாக்கிழமைங்க. நாளைக்கும் வராம இருந்தீங்கன்னா..." அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். என் முன்பக்கம் இருந்த பையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். "ஏனுங்க நர்ஸம்மா, உங்களுக்கு எத்தன மாசமுங்க?" என்றார்.

"ஆறு" என்றேன். "நேத்து பொழுதோட இருந்து அசையலீங்க."

அவர் பதறவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பாயை விரித்துப் படுக்க வைத்தார். "உங்க பையில அந்தக் கொழாய் இருக்குமில்லீங்க. எங்க வெக்கோணும்னு சொல்லுங்க, நாங் கேக்கறேன்" என்றார். நான் என் வயிற்றைத் தடவி, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து, இடம் காட்டினேன். குழலைக் கையால் பிடிக்கக் கூடாது, காதாலேயே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் குனிந்து காதை வைத்தார்.

"தறிச் சத்தந்தானுங்க கேக்குது" என்றார்.

அவர் எழுந்து வந்த தறியில் இப்போது அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, சித்த நிறுத்துங்க" என்று இவர் குரல் கொடுக்கவும் நின்றது. ஆனால் பக்கத்து வீட்டுத் தறி கேட்டது. எதிர்வீட்டுத் தறியும் கேட்டது. இவர் எழுந்து வாசலுக்குப் போனார். "அக்கா, தறிய நிறுத்துங்க. நர்ஸம்மா கொழந்தைக்குச் சத்தம் கேக்கோணும்" என்று வீதியில் நின்று சத்தமாகச் சொன்னார். உள்ளே பாயில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீடு நின்றது. எதிர்வீடு நின்றது. தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போய், வீதி முழுக்க அடங்கிவிட்டது. பகல் வேளையில் அந்த வீதியை நான் அப்படிக் கேட்டதே இல்லை. ஆறு மாதமாகக் கேஸ் டிரபிள் என்று நான் கட்டிக்காத்த இரகசியம் அரை நிமிடத்தில் ஊர்வலம் போய்விட்டது. அதைப் பற்றி அப்போது எனக்குக் கவலை இல்லை.

திரும்பி வந்து மறுபடி காதை வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குழலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். நகர்த்தினார். இன்னும் கொஞ்சம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாமி, திட்டவே மாட்டேன், இனி ஒருத்தரையும் திட்டவே மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் விரல் என் முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. பேசினால் விட்டுப்போகும் என்று பேசாமல், கேட்பதை அப்படியே விரலால் தட்டினார். வேகமாக, ஒரே சீராக. நான் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து எண்ணினேன். பதினைந்து விநாடிக்கு முப்பத்தைந்து. நல்ல துடிப்பு. அழுதுகொண்டே மறுபடி எண்ணினேன். மறுபடியும் முப்பத்தைந்து.

"கோழி கொத்தற மாதிரி இருக்குதுங்க" என்றார் கண்ணைத் திறக்காமல். அடுத்த நொடி, "ஐயோ!" என்று தலையைத் தூக்கினார். குழல் எகிறி விழுந்தது. "காதுலயே ஒதைக்குதுங்க!"

வாசலுக்கு ஓடி, "கேக்குதுங்கோ! நல்லா இருக்குது!" என்று கத்தினார். தறிகள் ஒவ்வொன்றாக மறுபடி ஓட ஆரம்பித்தன.

எனக்கு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, "எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நாலாவது மாசமே அல்லாருக்கும் தெரியுமுங்க. பைய முன்னால தூக்கிட்டு நடந்தீங்கல்ல. போன தடவ அப்படி ஆயிப்போச்சு, பாவம், அவிகளே சொல்றப்பச் சொல்லட்டும்னு கம்முனு இருந்தோமுங்க."

நான் ஒளித்து வைத்த விஷயத்தை நான்கு ஊரும் சேர்ந்து எனக்காக ஒளித்து வைத்திருந்தது. வீடு வீடாகப் போய் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியவில்லை.

"நீங்க ஏனுங்க வரல?" என்று கேட்டேன். முதல் முறையாகக் கேள்வியாகக் கேட்டேன்.

அவர் தயங்கினார். தம்ளரை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். "போன தடவ ரெண்டாவதுக்கு நாலு மாசங் கழிச்சு வந்தேனுங்க. அத்தன பேரு முன்னால, அறிவு இருக்குங்களான்னு கேட்டீங்க. எங்க மாமியாளும் பக்கத்துல இருந்தாங்க. இப்ப மூணாவதுங்க, இதுக்கு என்னென்ன கேப்பீங்களோன்னு ரோசனையாவே இருந்துச்சுங்க. நாள் போகப் போக, இத்தன நாளு ஏன் வரலன்னு வேற கேப்பீங்க. அதுல அப்படியே தள்ளிப்போச்சுங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மழை வந்ததால் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது.

"நாளைக்குப் போலாமுங்களா?" என்றேன். "நானும் காட்டோணும். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குதுங்க."

"செவ்வாக்கிழமையாச்சேங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முருகனுக்கு உகந்த நாளுதானுங்களே, போலாம்" என்றார். இத்தனை வருடம் நான் பிரசங்கம் செய்து தீர்க்க முடியாத சிக்கலை ஒரு வார்த்தையில் தீர்த்துவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். தறிக்காரப் பெண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. கேஸ் டிரபிள் என்று நான் சொல்லித் திரிந்த முக வீக்கத்தையும் பார்த்தார். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் குழந்தையோடு நானும் போயிருப்பேன் என்று சொன்னார். டாக்டரம்மா தஞ்சாவூர்க்காரர்; 'ங்க' போட்டுப் பேசத் தெரியாதவர். அன்று மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையில் இருந்த அத்தனை பெண்கள் முன்னாலும், "உங்களுக்கு அறிவு இருக்குங்களா?" என்றார். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காது சூடாகிறது. தலை தானாகக் குனிகிறது. எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கிறது. தறிக்காரப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டதால் ஓடவில்லை.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கணவர் வந்தார். கேஸ்கெட் கதையைச் சொன்னேன். "அந்தக் கேஸ்கெட்டும் குக்கருக்குச் சேரலியே புள்ள" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மாத்திரையும் படுக்கையுமாக எட்டாவது மாதம் முடியும் வரை ஓட்டி, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, குரல் அதிகம். கொஞ்ச நாள் கழித்துத் தறிக்காரப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம், அவருக்கும் பெண்தான்.

விடுப்பு முடிந்து வந்து பதிவேட்டைத் திறந்தேன். நான் இல்லாதபோது பக்கத்து ஊர் நர்ஸ் என் வேலையையும் பார்த்திருந்தார். சுத்தமான கையெழுத்து. தறிக்காரப் பெண்ணின் பெயருக்கு அடுத்த வரியில் என் பெயர் இருந்தது. பதிந்தது: ஏழாவது மாதம். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், மேலே நான் எழுதி வைத்த 'அறியாமை'க்கு நேர் கீழே, இரண்டு சின்னக் கோடுகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மடியில் இருந்த குழந்தை சிணுங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பேனாவை எடுத்து மேல் வரியில் 'அறியாமை'யை அடித்தேன். அந்த விரலகல இடத்தில் பொடி எழுத்தாக, 'நர்ஸ் திட்டுவார் என்ற பயம்' என்று எழுதினேன். கீழே என் வரிக்கு வந்து, அந்த இரண்டு கோடுகளையும் அடிக்கப் போனேன். யோசித்துப் பார்த்தேன். அடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.